பின் சீட்டில் உட்கார்ந்தவர்

ஓசூரிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் தயாரான முதல் மொபெட் அது. அதற்கு முன்னால் சின்ன ஊரில் ஒரு குமாஸ்தாவோ ஆரம்பப் பள்ளி வாத்தியாரோ மனைவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் சைக்கிள் கேரியர்தான். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். ஐம்பது சிசி எஞ்சினும் நீளமான சீட்டும் கொண்ட இந்த வண்டி தவணைக்கு வாசலில் வந்து நின்றது. சம்பளக்காரக் குடும்பங்களில் பல தம்பதிகள் ஊரறிய ஒருவர் மேல் ஒருவர் தோள் பட உட்கார்ந்தது அப்போதுதான். நம் குடும்ப வாழ்க்கையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சட்டங்களையும் சீர்திருத்தங்களையும் எழுதுகிறார்கள். அந்த நீளமான சீட்டுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கத் தகும்.

முந்தைய தலைமுறைத் தம்பதிகள் சேர்ந்து வெளியே போனார்கள், ஆனால் சேர்ந்து நடக்கவில்லை. அவர் முன்னால் போவார். அந்தம்மா பத்தடி பின்னால், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பை. சாலையைக் கடக்கும்போது மட்டும் அவர் நின்று திரும்பிப் பார்ப்பார். யாரும் இதை வருத்தத்தோடு செய்யவில்லை. அதுதான் மரியாதை என்று இரண்டு பேருமே நம்பினார்கள். புதுச்சேரியை விட்டுக் கிளம்பி 1918இன் இறுதியில் மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்து தங்கிய பாரதி, செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தது ஊராருக்குப் பேச்சானதை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவருக்கு அது கொள்கை. கூசிக்கொண்டே கூட நடந்த செல்லம்மாவுக்கு அந்தத் தெரு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்த தெரு அது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அத்தையும் மாமாவும் சித்தியும்.

பாரதி கையைப் பிடித்து நடத்திக் காட்டியதை, கொள்கை எதுவும் பேசாத லட்சக்கணக்கான ஆண்கள் அறுபது ஆண்டு கழித்து வண்டியை உதைத்துக் கிளப்பிச் செய்தார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தவர் பத்தடி பின்னால் இருக்க முடியாது.

பின் சீட்டில் உட்காரும் பெண்ணை அரசாங்கத்தின் விதிப்புத்தகமும் கவனித்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 123ஆவது விதி, பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், அவருடைய துணி மாட்டிக்கொள்ளாதபடி பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று மெக்கானிக்குகள் சொல்லும் கம்பி வலைதான் அந்தத் தடுப்பு. ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் பிள்ளையை வைத்து, ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் சீட்டின் விளிம்பையும் பிடித்தபடி போகும் பெண்ணின் உயிர் அந்த வலையில் இருக்கிறது. அவர் கணவரின் தோளைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்தது பல ஆண்டுகள் நடந்தது. தோளுக்குக் கை வந்து சேர்வதற்கு ஒரு தலைமுறை ஆனது.

இந்தக் கட்டுரை திருச்சியை நினைத்து எழுதப்படுகிறது. தம்பதிகள் வெளியே போவதற்கென்றே அமைந்தது போன்ற ஊர் அது. மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை, நடுவில் மலைக்கோட்டை, வடக்கே ஆற்றைக் கடந்தால் திருவரங்கம், அதையும் தாண்டினால் சமயபுரம். வண்டியில் ஒரு லிட்டர் பெட்ரோல் இருந்தால் இதில் எதற்கும் போய்த் திரும்பிவிடலாம். மாதச் சம்பளக்காரர்களின் ஊரும்கூட. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1920களின் இறுதியில். பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் திருவெறும்பூர் பக்கம் வந்தது. இரண்டுமே வேலையோடு வாரவிடுமுறை என்ற ஒன்றையும் இந்த ஊருக்குக் கொடுத்தன. பொன்மலையில் இன்றும் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. கணவனும் மனைவியுமாகப் போய், அவர் பையை விரித்துப் பிடிக்க, அவள் கத்திரிக்காயைப் பொறுக்கிப் போடும் காட்சியை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். பலருக்கு வாரத்தின் முதல் வெளிப்பயணம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, போராடிய பிறகு 1890 ஜூன் 10ஆம் தேதி மில் முதலாளிகள் வாரத்தில் ஒருநாள் விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதி செய்தது. உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதோடு, ஞாயிறு மராட்டியர்களின் குலதெய்வமான கண்டோபாவின் நாள் என்பதையும் லோகண்டே எடுத்துச் சொன்னதாகக் கூறுவார்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985இல் ஐந்து நாள் வேலை வந்தது. சனியும் ஞாயிறும் சேர்ந்து ‘வீக்எண்ட்’ ஆனது.

லோகண்டே வாங்கித் தந்த ஞாயிறு மில்லுக்குப் பொருந்தியது. அடுப்படிக்குப் பொருந்தவில்லை.

அசைவம் சாப்பிடும் வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை மணிக்கணக்குப் பார்த்தால் இது விளங்கும். காலையில் அவர் தூக்குவாளியோடு கறிக்கடை வரிசையில் நிற்கிறார். அந்த ஒரு மணி நேரம் ஊர்க்கதை, அரசியல், தெரிந்த நாலு பேர். அவர் வரும்போது வீட்டில் சின்ன வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு அரைத்து, மிளகு சீரகம் வறுத்து முடித்திருக்க வேண்டும். குழம்பு கொதித்து, வறுவல் இறங்கி, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கோடு பாத்திரங்கள். பிறகு வாரம் முழுக்கச் சேர்ந்த யூனிபார்ம் துவைப்பது, இஸ்திரி போடுவது, அடுத்த நாலு நாளுக்கு இட்லி மாவு ஆட்டி வைப்பது. மற்ற நாளில் பதினொரு மணிக்கு ஓய்கிற அடுப்படி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வரை ஓயாது. வீட்டில் எல்லாருக்கும் விடுமுறை என்பதே அதற்குக் காரணம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் கொடுத்திருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்களில் இருபத்தாறு பேர். அந்த வேலையைச் செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அதைச் செய்கிற ஆண் 97 நிமிடம். மீண்டும் 2024இல் கணக்கெடுத்தபோது அது 289ஆகவும் 88ஆகவும் இருந்தது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை மிக்ஸியும் வாஷிங் மெஷினும் கொடுத்திருக்கலாம். கணவர்கள் கொடுத்ததாக இந்தக் கணக்கில் தெரியவில்லை.

அதனால்தான் ஒரு மனைவி சாயங்காலம் ‘எங்கயாவது வெளிய போவோமாங்க’ என்று கேட்பதை ஊர்சுற்றும் ஆசை என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. வீட்டுக்குள் இருக்கும் வரை அவருக்கு ஞாயிறு கிடையாது. உட்கார்ந்தால் கண்ணெதிரே மடிக்காத துணி இருக்கும், படுத்தால் குக்கர் ஞாபகம் வரும். வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட நொடியில்தான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை தொடங்குகிறது. வெளியே போவதன் முதல் பயன் போகிற இடத்தில் இல்லை, பூட்டிய கதவில் இருக்கிறது.

போகும் வழியில்தான் பேச்சு வருகிறது. வீட்டுக்குள் கணவனும் மனைவியும் பேசுவது பெரும்பாலும் நிர்வாகப் பேச்சு. கேஸ் புக் பண்ணியாச்சா, ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசித் தேதி எப்போது, அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, மோட்டார் போட மறந்துவிடாதே. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது, குடும்பம் இந்தப் பேச்சில்தான் நடக்கிறது. ஆனால் ஒரு நாள் முழுக்கப் பேசிய பிறகும் அவளுக்கு என்ன மனக்குறை, அவருக்கு ஆபீசில் என்ன அவமானம் என்பது வெளியே வந்திருக்காது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதைக் கேட்டால் சண்டையாகிவிடும் என்ற பயம் இருவருக்கும் உண்டு. வண்டியில் அந்தப் பயம் இல்லை. அவர் சாலையைப் பார்க்கிறார், அவள் அவர் தோளுக்கு மேலே எங்கோ பார்க்கிறாள். பார்வை சந்திக்காதபோது சொல்லத் தயங்கியது தானாக வருகிறது. ‘உங்க அக்கா அன்னிக்கு அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறலங்க’ என்று மேம்பாலம் ஏறும்போது அவள் சொல்வாள். அவருக்குப் பதில் சொல்ல அவகாசம் இருக்கிறது. சிக்னல் வரை யோசிக்கலாம்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. உயிருக்கு அது அவசியம், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் இரண்டு ஹெல்மெட்டுகளுக்கு நடுவே வண்டிப் பேச்சு பாதியாகக் குறைந்தது. ‘என்னது? கேக்கல’ என்று அவர் தலையைத் திருப்ப, ‘ஒண்ணுமில்ல, ரோட்டப் பாருங்க’ என்று அவள் நிறுத்திக்கொள்வது இன்றைய சாலையில் அடிக்கடி நடக்கிறது. நிறுத்திக்கொண்டது எப்போதும் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. ஆகவே போய்ச் சேருகிற இடத்துக்கு முன்பைவிட முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் பேச ஓர் இடம் வேண்டும்.

திருச்சிக்காரர்களுக்கு அந்த இடம் பல தலைமுறைகளாக முக்கொம்பு. நகரத்திலிருந்து மேற்கே சுமார் பதினெட்டு கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிந்து கொள்ளிடம் வடக்கே போகிறது. ஆர்தர் காட்டன் 1836 தொடங்கி மேலணையைக் கட்டியது இங்கேதான். தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடிக் காவிரி வறண்டு, தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்ததைத் தடுக்க எழுந்த அணை அது. கட்டியவர்களுக்கு உல்லாசப் பயணம் மனத்தில் இருந்திருக்காது. ஆனாலும் மர நிழலும் மணல் திட்டும் ஷட்டருக்குக் கீழே நுரைத்து விழும் தண்ணீருமாக, ஒரு பாசனக் கட்டுமானம் ஊரின் சாப்பாட்டுத் திண்ணையாகிவிட்டது. கொள்ளிடத்துப் பக்கத்துப் பழைய மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு வெள்ளத்தில் உடைந்து போனபோது விவசாயிகள் பதறியது பாசனத்தை நினைத்து. நகரத்துக்காரர்கள் பலர் தங்கள் கல்யாணமான புதிதில் அந்த நடைபாலத்தில் நின்றதை நினைத்துக்கொண்டார்கள். பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள்.

முக்கொம்புக்குப் போகிறவர்களின் பையில் என்ன இருக்கிறது என்பதில் இந்த விஷயத்தின் மறுபக்கம் இருக்கிறது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு பொரியல், வடகம், ஊறுகாய், தண்ணீர் பாட்டில், விரிக்க ஒரு பெட்ஷீட், பிள்ளைக்கு மாற்றுத்துணி. பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் நாலரை மணிக்கு ஒருவர் எழுந்திருக்க வேண்டும். புளிக்காய்ச்சல் முந்தின ராத்திரியே இறக்கி வைத்தாக வேண்டும். ஆற்றங்கரையில் எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறிக் கடைசியில் சாப்பிடுகிறவர் யார் என்பதும், திரும்பி வந்த இரவு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்ப்பவர் யார் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் சில குடும்பங்களில் அடுப்படியே மனைவியின் பின்னால் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறது. சாப்பாட்டைக் கணவர் கட்டினால் அந்தப் பயணம் இருவருடையது. இல்லாவிட்டால் வழியில் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்வது நல்லது. அணைக்கரைக் கடையில் பொரித்த மீனைப் பூவரச இலையிலோ செய்தித்தாளிலோ வாங்கித் தின்று, கையை ஆற்றில் அலம்பிவிட்டு வருகிற தம்பதிக்குக் கழுவப் பாத்திரம் கிடையாது. செலவு கொஞ்சம் கூடும். அந்தப் பணம் அவளுடைய ஐந்து மணி நேரத்தின் விலை என்று கணக்கு வைத்தால் மலிவுதான்.

காவிரிக்கரைத் தம்பதிகளுக்கு ஆற்றங்கரைப் பயணம் புதிதாக வந்த நாகரிகம் இல்லை. ஆடி மாதம் பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர்களை ஒரு மாதம் பிரித்து வைக்கும் அந்த வழக்கத்துக்கு நடுவிலேயே ஆடிப்பெருக்கு வருகிறது. அன்று மாப்பிள்ளையும் வந்து சேருவார். கல்யாணத்தன்று போட்ட மாலைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவற்றை ஆற்றில் விட்டுவிட்டு, பெண் தாலிச்சரடைப் புதிதாக மாற்றிக்கொள்வாள். காதோலை கருகமணி, வெல்லம் கலந்த அரிசி, மஞ்சள், பிறகு கலந்த சாதம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மழை தவறாத வருஷத்தில் ஆடி பதினெட்டுக்குள் திருச்சியில் படி தொட்டு ஆறு ஓடும். இரண்டு பேரும் நனைந்த துணியோடு, மாமியார் நாத்தனார் கொழுந்தன் மச்சினன் என்று இருபது பேர் நடுவே, தனியாக ஒரு வார்த்தை பேச முடியாமல் நிற்கும் அந்த நாளை, முப்பது வருஷம் கழித்தும் ஒரு மனைவி எந்தப் புடவை கட்டியிருந்தோம் என்பது வரை சொல்வாள். திருச்சியில் ஒரு தம்பதியின் முதல் அவுட்டிங் காவிரி நடத்தி வைப்பது.

இதெல்லாம் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை இருக்கிறவர்களின் கதை. என்எஸ்பி ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் ஞாயிறுதான் வியாபாரம் சூடுபிடிக்கும் நாள். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு வார ஓய்வு செவ்வாயோ புதனோ வரும். நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு தன் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். அவள் கணவர் வொர்க்‌ஷாப்பில் இருந்தால் அவருக்கு ஞாயிறு விடுமுறை. ஷிஃப்ட் பார்க்கிறவராக இருந்தால் அவர் தூங்கும் நேரத்தில் இவள் கிளம்ப வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பாட்டு டப்பாவின் மூலமும் போனில் அனுப்பும் இரண்டு வரிக் குரல்பதிவின் மூலமும் குடித்தனம் நடத்துகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு ராத்திரி கடை மூடிய பிறகு வண்டியில் வீடு திரும்பும் நேரம் ஒன்றுதான் மிச்சம். மெயின் கார்டு கேட் பக்கம் நிறுத்தி, ஒரு ஐஸ்கிரீமை இரண்டாகப் பகிர்ந்து தின்றுவிட்டு, காட்டூரோ உறையூரோ போய்ச் சேர்கிறார்கள். அவர்களின் வார இறுதி அந்தக் கால் மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. வார ஓய்வு கொடுக்கும் முதலாளி, கணவனோ மனைவியோ வேறு இடத்தில் வேலை பார்த்தால் மாதத்தில் ஒருமுறையாவது அந்த ஓய்வை ஒரே நாளில் வரும்படி மாற்றிக் கொடுத்தால் போதும். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. நல்ல மேஸ்திரியும் நல்ல மேனேஜரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

நாள் முழுக்கச் சேர்ந்தே வேலை பார்த்தவர்களும் உண்டு. கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடையை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆள் வைத்துக்கொள்ளாமல் இரண்டு பேருமே டீ போட்டு, பலகாரம் கொடுத்து, கிளாஸ் கழுவி, நாளைக்கு முந்நூறு ரூபாய் வீதம் எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன். 2007இல் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போனார்கள். திரும்பி வந்து கடனை அடைத்தார்கள், மறுபடி கடன் வாங்கினார்கள், மறுபடி போனார்கள். இப்படி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகள். அவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குப் போய்வந்தார்கள். நவம்பரில் விஜயன் இறந்துபோனார்.

நாட்டுக் கணக்கைச் சொல்லித்தான் அவர்களை எல்லாரும் பாராட்டினார்கள். கவனிக்க வேண்டியது அவர்களுடைய மற்ற நாட்களை. காலையிலிருந்து இரவு வரை ஒரே கடைக்குள் முழங்கை இடிக்க நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். சேர்ந்திருக்க நேரமில்லை என்ற குறை அவர்களுக்கு வர வழியில்லை. அப்படியும் கடன் வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. டீக்கடைக்குள் ஆளுக்கொரு வேலையாக இருந்தவர்கள், தெரியாத ஊரில் வழி விசாரிக்கும்போது வெறும் இரண்டு மனிதர்கள் ஆனார்கள். வாடிக்கையாளர் இல்லை, அடுப்பு இல்லை. முக்கொம்பு போகும் பெல் ஊழியரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை தேடிப் போவது இதையேதான். தூரம் மட்டும்தான் வேறு.

கடந்த சில ஆண்டுகளில் பின் சீட்டில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதற்கு முன்பே ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் பெருகியிருந்தார்கள். இப்போது மனைவி ஓட்ட, கணவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவதைத் தில்லைநகரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. கிராமத்துக்குள் நுழையும் முன்பு வண்டியை ஓரங்கட்டி இடம் மாறிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டு வாசலில் அவர்தான் ஓட்டி வந்ததாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு அன்பு இருக்கிறது, மறுக்க முடியாது. அவருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று அவள் நினைக்கிறாள். ஆனால் அவர் ஒருமுறை இறங்காமல் அப்படியே பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போய்விட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்தத் தெருவில் இருக்கும் இரண்டு சிறுமிகள் அதைப் பார்ப்பார்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டிக்கெட் காசு கிடையாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு தம்பதி ஏறினால் அவளுக்கு இலவசச் சீட்டு, அவருக்கு மட்டும் காசு. ‘போயிட்டு வர்ற செலவு’ என்று தள்ளிப்போட்ட பயணங்களில் பாதிச் செலவு இப்படிக் கழிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், கணவர் வராவிட்டாலும் அவள் போகலாம் என்றானது. தங்கையோடு சமயபுரம், அம்மாவோடு வெக்காளியம்மன் கோயில். தானாகப் போய்ப் பழகியவள் கணவரோடு போகும்போது அழைத்துச் செல்லப்படுகிறவளாக இல்லை. எங்கே இறங்கினால் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் பூ நன்றாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவர் பின்னால் வருகிறார்.

பிள்ளைகள் வேலைக்கென்று சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீடுகளில் இது இன்னொரு விதமாகத் தொடர்கிறது. ஓய்வு பெற்றவருக்கு ஏழு நாளும் ஞாயிறு. அவர் மனைவிக்கு ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று அரசாங்கமும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. அவருக்குக் கண்புரை, வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. அவளுக்கு முழங்கால். பேச்சு அதிகமில்லை. இருப்பதும் மாத்திரை, பேரனின் வீடியோ கால், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பதாகவே இருக்கும். இப்படிப்பட்டவர்கள் சாயங்காலம் காவிரிப் பாலத்துக்கு வருகிறார்கள். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைத்து 1976இல் வந்த பாலம் அது. நடைபாதையில் நின்றால் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கும். ஒரு பைசா செலவில்லை. சின்ன வீட்டில் மாமனார் மாமியார் பிள்ளைகளோடு இருக்கும் இளம் தம்பதிகளும் அங்கேதான் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். சுண்டல், மக்காச்சோளம், போக்குவரத்துக் காவலர் வந்து கிளப்பும் வரை பேச்சு. பழுதுபார்ப்பதற்காக 2022இன் இறுதியில் பாலத்தை மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்தச் சில மாதங்களில் போக்குவரத்து நெரிசலைப் பற்றிச் செய்தித்தாள்கள் தினமும் எழுதின. சாயங்காலம் போக இடமில்லாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பாலத்தில் நிற்க முடியும், உட்கார முடியாது. முழங்கால் வலிக்காரர் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டு, ‘போலாங்களா’ என்று அவள் சொல்ல, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுகிறார்கள். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியது. வாகனங்களுக்கு எத்தனை வழி என்று திட்டத்தில் எழுதியிருக்கும். நடைபாதையை இரண்டடி அகலமாக்கி, சிந்தாமணி பக்கத்திலும் மாம்பழச்சாலை பக்கத்திலும் முதுகு சாய வசதியாக நாலைந்து கல் பெஞ்சு போட்டால் போதும். போடுகிறவர்கள் மலைக்கோட்டை தெரிகிற பக்கமாகப் போடட்டும், ஒரு பெஞ்சில் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் அளவுக்கு.